மணி அடித்த பிறகு உதைத்த பந்து

1912ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஆட்டம் முடிவதற்கான மணி அடித்த பிறகு வில்ஃப் கார்னபி உதைத்த பந்து நூற்றுப் பன்னிரண்டு வருடங்கள் நிலத்தில் விழவில்லை. பந்து விழாததால் ஆட்டம் முடியவில்லை. ஆட்டம் முடியாததால் கார்னபியின் விளையாட்டு வாழ்க்கையும் முடியவில்லை. மெல்பேர்னின் தென்கிழக்கே டண்டினோங்கில், மில்பர்ன் வீதியில் குடியிருப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. குப்பை வண்டி எந்த நாளில் வரும் என்பதைப் போல, புதிதாக வீடு வாங்கி வருபவர்களுக்கு முதல் வாரத்திலேயே யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள்.

விதி மிகவும் எளிமையானது. ஃபூட்டி என்று இந்த நாட்டவர் சொல்லும் நீள்வட்டப் பந்து விளையாட்டில், மணி அடிப்பதற்கு முன் ஒருவர் பந்தைக் கையில் பிடித்துவிட்டால், மணி அடித்த பிறகும் அவருக்கு ஓர் உதை உண்டு. அந்த உதையின் முடிவு தெரிந்த பிறகுதான் ஆட்டம் முடியும். நடுவே நிற்கும் இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையால் பந்து போனால் கோல், அதாவது ஆறு புள்ளிகள். அவற்றுக்கு வெளியே நிற்கும் குட்டைக் கம்பங்களுக்குள் போனால் ஒரு புள்ளி. கார்னபி பந்தைப் பிடித்தபோது அவருடைய அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. ஆறு கிடைத்தால் வெற்றி, ஒன்று கிடைத்தால் சமநிலை, இரண்டும் இல்லையென்றால் தோல்வி. அது மாவட்டத்தின் இறுதியாட்டம்.

அதுவரைக்குமான அவருடைய ஆட்டங்கள் பெரும்பாலும் மற்றவர்களுடைய ஆட்டங்களைப் போன்றவையே. தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்த அவர், 1906இல் பதினெட்டு வயதில் இரவல் சப்பாத்தோடு அணியில் சேர்ந்தார். அந்த அணிக்குக் கறுப்புச் சட்டை. கைகள் இல்லாமல், கழுத்துக்குக் கீழே கயிறு கோத்துக் கட்டுவது. இரண்டாவது வருடத்தில் கம்பத்துக்கு நேரே நிற்கும் முன்னணி வீரரானார். 1908இல் ஒரே ஆட்டத்தில் ஒன்பது கோல் போட்டார் என்பார்கள். ஏழு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எது சரி என்று எத்தனை பேரிடம் விசாரித்தும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. 1909இல் எதிரணிக்காரர் ஒருவரைக் குத்தியதற்காக ஒரு மாதம் வெளியே இருந்தார். 1910இல் வலது முழங்கால் திரும்பியது. அன்றிலிருந்து நடக்கும்போது நொண்டுவார், ஓடும்போது நொண்டமாட்டார். 1911இல் நகரத்துப் பெரிய கழகம் ஒன்று அவரைப் பார்த்து வர ஓர் ஆளை அனுப்பியது. அந்த ஆள் வந்த நாளில் மழை கொட்டியது. கார்னபி ஒரு கோலும் போடவில்லை. 1912 இறுதியாட்டத்தோடு விளையாட்டை விட்டுவிடுவதாகவும், அடுத்த மாதமே கல்யாணம் என்றும் ஆக்னஸ் என்ற பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

பந்து ஏன் விழவில்லை என்பதற்கும் காரணம் தெரியும். பந்து எங்கே போனது என்று சொல்ல வேண்டியவர், கம்பங்களுக்கு நடுவே வெள்ளை மேலங்கியோடு நின்ற கோல் நடுவர். ஊரில் பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் மறுபக்கம். எப்படிச் சொன்னாலும் அடி விழும் என்று பயந்த அவர், பந்து நெருங்கியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்ப்பதற்கு ஆள் இல்லாத பந்து, வந்த இடத்திலேயே காற்றில் நின்றுவிட்டது. இருட்டும்வரை எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்கள். திங்கட்கிழமை எல்லோருக்கும் வேலை இருந்ததால், இனிமேல் மே முதல் செப்டம்பர் வரையான குளிர்காலச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் மட்டும் ஆட்டம் நடப்பதாகக் கணக்கு என்று இரண்டு அணித் தலைவர்களும் பேசி முடித்தார்கள்.

அப்படியே நடந்தது. சனிக்கிழமைகளில் இரண்டு அணிகளும் வந்து அவரவர் இடத்தில் நின்றன. போர் வந்தபோது பலர் கப்பலேறினார்கள், சிலர் திரும்பவில்லை. ஆட்டத்தின் நடுவில் ஆளை மாற்ற அந்நாளில் விதி இல்லாததால் அவர்கள் நின்ற இடங்கள் காலியாகவே விடப்பட்டன. மற்றவர்கள் கிழடாகி ஒவ்வொருவராக இறந்தார்கள். கார்னபிக்கு மட்டும், உதை அவருடையது என்பதால், அந்தப் பின்னேரங்களில் தவிர வயது போகவில்லை. ஆக்னஸ் ஒன்பது வருடங்கள் காத்திருந்தாள். பிறகு பல்லராட்டில் பேக்கரி வைத்திருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு போனாள். கார்னபி மணவீட்டுக்குப் போய் வாழ்த்தினார் என்றும், அன்று சனிக்கிழமை ஆனதால் மத்தியானமே திரும்பிவிட்டார் என்றும் சொல்கிறார்கள். மதுக்கடையில் அவருக்கு யாரும் வாங்கிக் கொடுத்ததும் இல்லை, யாரும் அவரைத் திட்டியதும் இல்லை. வென்றவரா தோற்றவரா என்று தெரியாத ஒருவரிடம் எப்படிப் பேசுவதென்று மக்களுக்குப் புரியவில்லை.

ஐம்பதுகளில் மைதானத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். செங்கல் வீடுகள் வந்தன. கம்பங்களை வெட்டி எடுத்துவிட்டார்கள், ஆனால் குளிர்காலச் சனிக்கிழமைகளில் அவற்றின் நிழல்கள் மட்டும் வழக்கம்போல விழுந்தன. ஒரு பக்கத்து நிழல்கள் இப்போது டயர் கடை ஒன்றின் முற்றத்தில் விழுகின்றன. மறுபக்கத்து நிழல்கள் மில்பர்ன் வீதி வீடொன்றின் குசினித் தரையில், அடுப்புக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் பக்கத்தில் விழுகின்றன. பாத்திரம் கழுவும் தொட்டியின் முன் நிற்பவர் எவரோ அவரே கோல் நடுவர் என்று ஆயிற்று. அந்த வீட்டை முதலில் வாங்கிய ஒல்லாந்துக்காரருக்குக் கிட்டப் பார்வை. அடுத்து வந்த திருமதி ரொசட்டி முப்பது வருடங்கள் தொட்டியின் முன் நின்று, ஜன்னல் வழியே பந்தை ஒழுங்காகப் பார்த்தார். பந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அதன் தையலும் கயிறும் தெரியும் அளவுக்கு வந்தது. இன்னும் ஓரிரு குளிர்காலம் போதும் என்றிருந்தபோது அவர் நோய்ப்பட்டார். பிள்ளைகள் வீட்டை விற்றார்கள்.

2020இன் தொடக்கத்தில் அதை வாங்கியவர் கதிர்காமநாதன். பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். மனைவி சத்தியபாமா முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. மகள் மயூரா பிசியோதெரபி படிப்பவள். வீட்டுக்கு ஒரு பழைய பாத்தியம் உண்டு, பின்பக்கமாக ஒன்று கடந்து போகும் என்று ஏஜென்ட் வேகமான ஆங்கிலத்தில் சொன்னபோது, கழிவுநீர்க் குழாய் என்று நினைத்து கதிர்காமநாதன் தலையாட்டினார். அந்த வருடம் ஊரடங்கு வந்ததால் புதிதாக வந்தவர்களுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டிய அயலவர்களும் சொல்லவில்லை.

அதே வருடம்தான் சத்தியபாமாவின் கும்ப ராசிக்கு ஏழரைச் சனி தொடங்கியது. மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, குசினி ஜன்னலால் பார்த்தபோது, பின்வேலிக்கு அப்பால் ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. கறுப்புச் சட்டை. மெதுவான நடை, ஒரு கால் நொண்டி. வேலியில் அவருக்குப் பக்கத்தில் காகங்கள். அவர் தின்ற, ‘மீட் பை’ என்னும் இறைச்சிப் பணியாரத்தின் துண்டுகளுக்காகக் காகங்கள் வந்திருந்தன, ஆனால் அது அங்கிருந்து தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும். சத்தியபாமா வேறு எவரையும் கேட்கவில்லை, கேட்பதற்கு எதுவும் இருப்பதாக அவருக்குப் படவில்லை. கோயிலில் சனீஸ்வரனுக்கு நேர் எதிரே நின்று முகம் பார்க்கக்கூடாது, ஒரு பக்கமாக நின்றுதான் கும்பிட வேண்டும் என்று தாயார் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆகவே சனிக்கிழமைகளில் தொட்டிப் பக்கமே போவதை நிறுத்தினார். பாத்திரங்களை ஞாயிறு காலையில் கழுவினார். எள்ளுச் சோறு கிண்டி, கடதாசித் தட்டில் வைத்து, தலையைக் குனிந்தபடி வேலியடியில் வைத்துவிட்டு, நல்லெண்ணெய் விளக்கு ஒன்றும் கொளுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார். எதிரணி ஆதரவாளர்கள் அந்த நாளில் தேநீர் கொடுப்பது வழக்கம் என்பதால் கார்னபி அதை அந்த வகையில் எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிச் சாப்பிட்டார். எள்ளுச் சோறு அவருக்குப் பிடித்துப்போனது.

ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் போகக்கூடாது என்றிருந்த மாதங்களிலும் அவர் ஸ்பிரிங்வேலில் இருந்து பஸ்ஸில் வந்தார். பொலிஸ் கேட்டபோது, தான் ஆட்டத்துக்குப் போகவில்லை, ஆட்டத்தின் நடுவில் இருப்பதாகச் சொன்னார். விட்டுவிட்டார்கள். ஆனால் தொட்டியின் முன் ஆள் இல்லாமல் போனதிலிருந்து பந்து மறுபடி மேலே ஏறத் தொடங்கியது. முதல் வருட முடிவில் தையல் தெரியவில்லை. மூன்றாம் வருடத்தில் புறாவின் அளவு. நான்காம் வருடத்தில், கண் நல்லவர்களுக்கு மட்டும் தெரியும் ஒரு புள்ளி. கார்னபி அதை ஒவ்வொரு வாரமும் பார்த்துக்கொண்டிருந்தார். வேலியடியில் சோறு வைக்கும் பெண்ணிடம் அதைச் சொல்வது மரியாதையா என்று அவருக்குத் தெரியவில்லை.

விஷயத்தை உடைத்தவர் பக்கத்து வீட்டு வாசுதேவன். திருச்சிக்காரர், வங்கி ஒன்றின் கணினிப் பிரிவில் வேலை. எந்த அணி வெல்லும் என்று வாரா வாரம் ஊகிக்கும் அலுவலகப் போட்டியில் மூன்று வருடம் கடைசியாக வந்தவர் ஆதலால் ஃபூட்டி பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. 2024 ஜூலையில் ஒரு நாள், விளக்கோடு வந்த சத்தியபாமாவைப் பார்த்துவிட்டு வேலிக்கு மேலாகப் பேச்சுக் கொடுத்தார்.

“அக்கா, யாருக்கு வெளக்கு வெக்கிறீங்க? அவர் ஃபூட்டி பிளேயர். நாலு வருஷமா இங்க இருக்கீங்க, தெரியாதா?”

“நீர் சும்மா இரும், தம்பி. சனிக்கிழமை, கறுப்பு உடுப்பு, ஒரு கால் நொண்டி, பக்கத்தில காகம். இதுக்கு மேல அவர் கழுத்தில போர்ட் மாட்டிக்கொண்டு நிக்க வேணுமோ?”

வாசுதேவன் முழுவதையும் சொன்னார். 1912, மணி, நடுவர் முகத்தைத் திருப்பியது, திருமதி ரொசட்டி, தொட்டி. சத்தியபாமா உள்ளே போய்க் கணவரிடம் கேட்டார்.

“ஏஜென்ட் சொன்னவன்தான்,” என்றார் கதிர்காமநாதன். “நான் தண்ணிக் குழாய் எண்டு நினைச்சன்.”

“நீங்கள் ஆர் என்ன சொன்னாலும் தலையாட்டுவியள்.”

“உம்மைக் கட்டேக்கையும் அப்பிடித்தான் ஆட்டினனான்.”

உண்மை தெரிந்ததால் உடனே எதுவும் மாறிவிடவில்லை. ஃபூட்டி விளையாடுபவர் என்றால் சனீஸ்வரன் இல்லை என்று ஆகிவிடுமா என்பது சத்தியபாமாவின் கேள்வி. தானே வந்து தொட்டியின் முன் நின்று பார்ப்பதாக வாசுதேவன் முன்வந்தார். ஒரு பின்னேரம் முழுக்க நின்றார், பந்து அசையவில்லை. அந்தக் குசினியில் சமைக்கிறவர்தான் நிற்க வேண்டும் போலும்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கார்னபி வேலியடியில் விழுந்தார். மயூரா ஓடிப்போய்த் தூக்கி, புல்லில் இருத்தி, முழங்காலை மடக்கியும் நீட்டியும் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து தாயிடம் சொன்னாள்.

“அம்மா, ஹிஸ் நீ இஸ் கோன், முழங்கால் முடிஞ்சுது. அடுத்த வின்டர் அவரால நிக்கேலாது.”

“நிக்காட்டி?”

“உதைச்சவர் கிரவுண்டில இல்லாட்டி அந்தக் கிக் கணக்கில இல்லையாம். வாசு அங்கிள் சொன்னவர். தென் இட்ஸ் லைக் ஹி நெவர் கிக்ட் இட். உதைக்கவேயில்லை எண்ட மாதிரி.”

செப்டம்பரில் அந்த வருட ஆட்டக்காலத்தின் கடைசிச் சனிக்கிழமை மட்டும் மிச்சமிருந்தபோது, கார்னபி முதன்முறையாக முன்வாசலுக்கு வந்து மணியை அடித்தார். தொப்பியைக் கையில் எடுத்திருந்தார். முப்பதைத் தாண்டிய ஆள் போலத்தான் இருந்தார். கதவைத் திறந்த சத்தியபாமா அவருடைய சப்பாத்துகளைப் பார்த்தபடி நின்றார். கார்னபி சோற்றுக்கு நன்றி சொன்னார். பிறகு, கோல் என்று சொல்லும்படி தான் கேட்க வரவில்லை என்றார். எந்தப் பக்கமும் சொல்ல வேண்டாம், பந்தைப் பார்த்தால் போதும், எங்கே போனதோ அதைச் சொன்னால் போதும் என்றார். பிறகு நொண்டியபடி படலையைத் திறந்துகொண்டு போனார்.

கடைசிச் சனிக்கிழமை காலையில் சத்தியபாமா கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய், சனீஸ்வரனுக்கு எள்ளு விளக்கேற்றி, எப்போதும் போலப் பக்கத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து சீலையை மாற்றிக்கொண்டு, வேலைக்குப் போடும் வெள்ளை மேலுடுப்பைப் போட்டபடி குசினிக்குள் வந்தபோது கதிர்காமநாதன் எழுந்து வழிவிட்டார்.

“சனீஸ்வரனெண்டாலும் சரி, பந்தடிக்கிற ஆளெண்டாலும் சரி,” என்றார் சத்தியபாமா. “இவ்வளவு காலமா ஒருத்தன் பாருங்கோ, பாருங்கோ எண்டு நிக்கிறான். பாக்கத்தானே வேணும்.”

அவர் தொட்டியின் முன் நேராக நின்று, தலையை நிமிர்த்தி, ஜன்னலால் கார்னபியின் முகத்தைப் பார்த்தார். சாதாரண முகம்தான். மூக்கு ஒருமுறை உடைந்து சரியாகப் பொருந்தாமல் இருந்தது. கண்கள் கலங்கியிருந்தன. பிறகு மேலே பார்த்தார். முதலில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது, பிறகு புறா, பிறகு தையல். நான்கு வருடம் ஏறியதையும் அதற்கு முன் மிச்சமிருந்த உயரத்தையும் பந்து ஒரே பின்னேரத்தில் இறங்கியது. வாசுதேவன் தன் வீட்டுக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து பின்கதவடியில், வெளியே வந்து நின்ற கதிர்காமநாதனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மயூரா வேலிக்கு அப்பால் கார்னபியின் முழங்காலுக்குப் பட்டி சுற்றிவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பந்து திறந்திருந்த ஜன்னலால் குசினிக்குள் வந்தது. பழைய தோல் மணம் அதனோடு வந்தது. ரைஸ் குக்கருக்கு மேலால், அவசரமில்லாமல் சுழன்று போனது. தரையில் கம்பங்களின் நிழல்கள் தெளிவாகக் கிடந்தன. பந்து அடுப்புப் பக்கத்து நிழலைத் தாண்டியது, குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்து நிழலை நெருங்கியது, அதைத் தொடாமல், அதற்கு வெளியே, சாமான் அறைக் கதவைத் தாண்டி அரிசி மூட்டையில் விழுந்தது. உயரமான கம்பத்துக்கும் குட்டைக் கம்பத்துக்கும் நடுவால். ஒரு புள்ளி.

குசினிக்குள் நின்றது சத்தியபாமா ஒருவர்தான். வெளியே இருந்தவர்களுக்குப் பந்து ஜன்னலுக்குள் போனது மட்டும் தெரிந்தது. வாசுதேவன் கதிரையை விட்டு எழுந்து பின்கதவு வலையருகே வந்து, மெதுவான குரலில் பேசினார்.

“கோல்னு சொல்லிடுங்க அக்கா. பாவம், நூறு வருஷம். யாருக்குத் தெரியப் போவுது?”

சத்தியபாமா அரிசி மூட்டையைப் பார்த்தார். நிழலைப் பார்த்தார். வேலிக்கு அப்பால், ஒரு கையால் மயூராவின் தோளையும் மறு கையால் வேலியையும் பிடித்தபடி கார்னபி நின்றிருந்தார். சத்தியபாமாவின் வாயில் இருந்து வரப்போவது தனக்கு இனி எப்போதும் மாறாது என்பதைக் கார்னபியின் முகமே சொல்லியது.

“நான் பாத்தனான்,” என்றார் சத்தியபாமா.

வெளியே வந்து, எல்லோருக்கும் தெரியும்படி ஒரு விரலை உயர்த்தினார். பிறகு, கோல் நடுவர்கள் ஆட்டும் கொடி இல்லாததால், ஒரு பாத்திரத் துணியை மேலும் கீழும் ஆட்டினார். எங்கிருந்தோ மணி அடித்தது. கார்னபி வேலியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் குனிந்து நின்றார். அழுகிறார் என்றுதான் மயூரா நினைத்தாள். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். வலப் பக்கமாகப் போனதா என்று கேட்டார். ஓம் என்றார் சத்தியபாமா. காலில் பட்ட உடனேயே தனக்கு அப்படித்தான் தோன்றியது என்றார் கார்னபி. 1912இலிருந்தே தோன்றியது, சொல்வதற்கு ஆள் கிடைக்கவில்லை.

சமநிலையான இறுதியாட்டத்தை அடுத்த சனிக்கிழமை திரும்ப ஆட வேண்டும் என்பது மாவட்டத்தின் பழைய விதி. ஆகவே மில்பர்ன் வீதியில் இருந்தவர்கள் வெள்ளிக்கிழமையே கார்களை அடுத்த வீதிக்கு மாற்றினார்கள், உடுப்புக் காயப்போடும் கம்பிகளை மடக்கினார்கள், நாய்களைக் கட்டினார்கள். சத்தியபாமா எத்தனை பேருக்கு உலை வைப்பது என்று கேட்டு, கோயிலில் இருந்து அண்டா எடுப்பித்தார். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு அணிகளும் வந்தன. கறுப்புச் சட்டைக்காரர்கள் ரயில் நிலையப் பக்கமிருந்து, மஞ்சள் பட்டைக்காரர்கள் சந்தைப் பக்கமிருந்து. கப்பலேறித் திரும்பாதவர்களும் அவர்களோடு இருந்தார்கள். அவர்கள் நேராகத் தங்கள் காலி இடங்களுக்குப் போய் நின்றார்கள். முகத்தைத் திருப்பிய பழைய நடுவர் பார்வையாளராக வந்து வேலியடியில் நின்றார். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பக்கத்தில் சத்தியபாமா தொட்டியின் முன்னும், மறுபக்கத்தில் டயர் கடைக்காரர் முற்றத்திலும் நின்று தீர்ப்புச் சொன்னார்கள். ஆட்டம் ஏழு வளவுகளில், வேலிகளுக்கு மேலால் நடந்தது. ஒரு கொட்டிலின் கூரைத் தகடு நெளிந்ததைத் தவிரச் சேதம் இல்லை.

கார்னபி ஒரு கோலும் போடவில்லை. நான்கு பகுதி ஆட்டத்தின் மூன்றாம் பகுதியிலேயே முழங்கால் விட்டுவிட்டது, ஆனாலும் வெளியே போகவில்லை. கறுப்பு அணி முப்பத்தொரு புள்ளிகளால் தோற்றது. முப்பது என்பவர்களும் உண்டு. மணி அடித்ததும் எல்லோரும் கைகுலுக்கினார்கள், சோறு சாப்பிட்டார்கள், தட்டுகளைக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள், வந்த பக்கமாகவே போனார்கள். கார்னபி சட்டையின் கயிற்றை அவிழ்த்து, மயூரா கொடுத்த பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, எல்லோரிடமும் தனித்தனியாக விடைபெற்றார்.

“போட்டு வாங்கோ,” என்று சத்தியபாமா அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

ஸ்பிரிங்வேல் பஸ்ஸில் ஏறும்போது, இன்றைக்கு ஆட்டம் என்னவாயிற்று என்று சாரதி வழக்கம்போலக் கேட்டார். தோற்றுவிட்டோம் என்றார் கார்னபி. அதைச் சொல்லிவிட்டு, நன்றாகத் தோற்றோம் என்று இன்னொரு முறையும் சொன்னார். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் சாரதி. தான் விளையாட்டை விட்டுவிட்டதாகச் சொன்ன கார்னபி, எப்போதும் வானத்தைப் பார்ப்பதற்காக ஜன்னலோரம் உட்காருகிறவர், அன்று பஸ்ஸின் நடுவழிப் பக்கத்து இருக்கையில், இரண்டு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வீடு வரும்வரை தூங்கினார்.